பனிமலை யுத்தம் – 9: கடப்பாரை முன்னே, டாங்கி பின்னே

சென்ற இதழில், 1948-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதியன்று, ஏர் கமோடர் மெஹர் சிங் ஒரு டக்கோட்டா விமானத்தை இமயத்தின் சிகரங்களுக்கு மேலாக ஓட்டிச் சென்று, சோனம் நோர்பு என்ற லடாக்கிய இன்ஜினீயர் ஊராரைக் கூட்டிச் சமப்படுத்தி வைத்திருந்த மண் தரையில் லே நகரத்தருகே இறக்கிய விருத்தாந்தத்தையும், ஜெனரல் திம்மய்யாவே அவ்விமானத்தில் ஒரு பிரயாணியாக அமர்ந்து சென்றதையும் பார்த்தோம். அதனால் லே தற்காலிகமாகப் பிழைத்தது என்பது மெய்தான். ஆயினும், நெல்லும் உப்பும் தேயிலையும் துணியும் மருந்தும் வெடிமருந்துமாக ஒரு தேசத்துக்கு வேண்டிய சகலத்தையும் ஆகாய மார்க்கமாகவே கொண்டுபோய்க் கொட்டுவதற்கு அந்நாளில் நம்மிடம் இருந்த விமானங்கள் போதா. குளிர்காலத்து மேகம் கவிந்துவிட்டால் இருக்கிற விமானங்களும் பறக்கமாட்டா. ஆகையால் தரைவழி திறந்தாக வேண்டும். தரைவழியோ, தலைவாசலான ஜோஜிலாக் கணவாயிலிருந்து கார்கில் வரையில், கோடைகாலம் முதற்கொண்டே படையெடுத்து வந்தவர்களின் வசத்தில் இருந்தது. இந்த அத்தியாயத்தில் நாம் சொல்லப் போவது, அவ்வழியில் கிடந்த மாதாயன், பந்த்ராஸ், திராஸ் என்ற மூன்று சின்னஞ்சிறு கிராமங்கள் மீண்ட வரலாறு.

ஸ்ரீநகரிலிருந்து லேவுக்குச் செல்லும் பழைய வியாபார மார்க்கம், சிந்த் என்னும் ஆற்றின் கரையோடு (இது சிந்து மகாநதி அன்று, ஜீலத்தில் சென்று கலக்கும் வேறொரு சிறிய நதி) சோனமார்க் வழியாக பால்தால் என்ற இடம் வரையில் மரநிழலிலே சாதுவாகச் சென்று, அங்கே திடீரென்று செங்குத்தான மலைச்சுவரில் தொற்றி ஏறத் தொடங்குகிறது. ஏறக்குறைய 11,500 அடி உயரத்தில் கணவாய். நம் பரங்கிமலையைப் போன்ற குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக முப்பத்தைந்துக்கும் மேலாக அடுக்கினாலன்றி அந்த உயரம் எட்டாது. இமயத்தின் மற்றக் கணவாய்களோடு ஒப்பிட்டால் இது தாழ்ந்ததே; ஆனால் உயரத்தில் உள்ள குறையை அது காற்றிலும் பனிச்சரிவிலும் ஈடுசெய்துவிடுகிறது. மேற்குப் புறத்தில் பைன் மரங்களும் பூர்ஜ மரங்களும் பசும்புல்லுமாகக் காட்சியளிக்கும் அதே மலை, உச்சியைத் தாண்டியதும் மரம் செடி ஒன்றுமின்றி, கல்லும் சரளையுமாக வேறொரு லோகமாக மாறிவிடுகிறது. அந்த மொட்டைப் பள்ளத்தாக்கின் முகப்பிலே, நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணமாகக் கிடக்கும் இடத்துக்குக் கும்ரி என்று பெயர். அதைக் கடந்து இறங்கினால் மாதாயன், அப்பால் பந்த்ராஸ், அதற்கும் அப்பால், பள்ளத்தாக்கு சற்றே விரிந்து ஆறும் வயலுமாக இடங்கொடுக்கிற ஸ்தலத்தில் திராஸ்.

கிராமம் என்றதும் நம் வாசகர்கள் காவிரிக்கரையையோ பாலாற்றங்கரையையோ மனத்தில் கொண்டுவிடக் கூடாது. திராஸ் பத்தாயிரம் அடிக்கு மேலே உள்ள ஊர். கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய தாழ்ந்த வீடுகள். மொட்டை மாடிகளின்மேல் குளிர்காலத்துக்கென்று அடுக்கிவைத்த உலர்ந்த புல்லும் விறகும். ஆண்டுக்கு ஒரே விளைச்சல். அதுவும் பார்லியைப் போன்ற தானியங்களே. கோடையில் ஈட்டியதை வைத்துக்கொண்டு, வருஷத்தில் பாதியைப் பனிக்குள் கழிக்கிற ஜனங்கள். ஷீனா என்னும் மொழி பேசுபவர்கள், இஸ்லாமியர்கள். ஆயினும் ஊருக்கு வெளியே, கார்கில் செல்லும் சாலையோரத்தில், மைத்ரேயரையும் அவலோகிதேசுவரரையும் செதுக்கிய பழைய கற்கள் சில இன்றும் நிற்கின்றன. அவ்வழியே எத்தனை நூற்றாண்டுகளாக எத்தனை வகை யாத்திரிகர்கள் போய்வந்தார்கள் என்பதற்கு அவை சாக்ஷி. யாத்திரிகர்களும் வியாபாரிகளும் போய்வந்த வழியில் சேனைகளும் போய்வந்தன. 1834-ஆம் ஆண்டில் லடாக்கை ஜயித்த ஜோராவர் சிங் காலம் முதலாக, எந்த அரசன் ஜயித்தாலும் எந்த அரசன் தோற்றாலும், மூட்டை தூக்குவதற்கு அகப்பட்ட முதுகு இந்தப் பள்ளத்தாக்குகளின் குடியானவனுடைய முதுகுதான். ‘பேகார்’ என்று கூலியில்லாச் சுமைக்கு ஒரு பெயரே வைத்து, அதை அரசாங்க வழக்கமாக நடத்திய பிரதேசம் அது. 1948 கோடையில் கார்கிலும், அதையடுத்து திராஸும் கைமாறியபோது, ஊரார் கண்ட மாறுதல் யாருக்குச் சுமை தூக்குவது என்பதில்தான் இருந்திருக்கும் என்பது நமது ஊகம்.

செப்டம்பரில் 77-ஆவது பாரசூட் பிரிகேடு, பிரிகேடியர் அடலின் தலைமையில், ஜோஜிலாவைக் காலாட்படையைக் கொண்டே பிடிக்க முயன்றது. கும்ரிக் கிண்ணத்தைச் சூழ்ந்த பாறைகளைக் குடைந்து எதிரிகள் இயந்திரத் துப்பாக்கிகளைப் பதித்துவைத்திருந்தார்கள். மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத சரிவிலே, மெல்லிய காற்றில் மூச்சு வாங்க, ஏறி வருகிற சிப்பாய் அந்தக் குகை வாய்களுக்கு எப்படிப்பட்ட இலக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முயற்சி தோற்றது. அந்த முயற்சிக்கு ‘வாத்து’ என்று சங்கேதப் பெயர் வைத்திருந்தார்கள். மறுமுயற்சிக்குத் திட்டம் தீட்டியபோது, மேற்குப் பிராந்தியத் தலைமைத் தளபதியாயிருந்த கரியப்பா அந்தப் பெயரை மாற்றிக் ‘காட்டெருமை’ என்று சூட்டினார். குடகு நாட்டுக் காடுகளில் காட்டெருமையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வாத்தைக்கொண்டு மலையைத் தாண்டமுடியாது என்று அவருக்குப் பட்டதில் ஆச்சரியமில்லை.

பெயர் மாறியதோடு கருவியும் மாறியது. மலைமேல் டாங்கியை ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தவர் திம்மய்யா, அவரும் குடகர். அக்காலத்து யுத்த சாஸ்திரம் கற்றவர்களுக்கு இது ஒரு விபரீத யோசனையாகத்தான் தோன்றியிருக்க வேண்டும். சமவெளிக்கும் பாலைவனத்துக்கும் ஏற்பட்ட வாகனம் டாங்கி. ரோமல் அதை லிபியாவின் மணலில் ஓட்டினார். ருஷ்யர்கள் குர்ஸ்க் மைதானத்தில் ஓட்டினார்கள். அந்த உயரத்தில் அதற்கு முன் உலகில் எந்தச் சேனையும் டாங்கியைப் போருக்கு இறக்கியதில்லை. கி.மு. 218-இல் ஹானிபால் யானைகளை ஆல்ப்ஸ் மலையில் ஏற்றிச் சென்றதைச் சரித்திரக்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யானைகளை வர்ணிப்பதில் செலவிட்ட மையில் ஒரு பங்கை, சரிந்து கிடந்த பாதையைக் கல்லுடைத்துச் செப்பனிட்ட ஹானிபாலின் ஆட்களுக்குச் செலவிட்டிருக்கலாம். நாமும் அதே குற்றத்தைச் செய்யாதிருக்க வேண்டுமாகையால், டாங்கியைப் பற்றிச் சொல்லுமுன் அது சென்ற பாதையைப் பற்றியும், அந்தப் பாதையைப் போட்டவர்களைப் பற்றியும் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லிவிடுவோம். அதிலே சென்னைப் பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு தனி பாத்தியதை இருக்கிறது.

ஜோஜிலாவுக்குச் சென்ற டாங்கிகள் ‘ஏழாவது லைட் காவல்ரி’ என்ற குதிரைப்படையைச் சேர்ந்தவை. குதிரையை விட்டு இயந்திரத்துக்கு மாறிய பின்னும் பழைய பெயரையே வைத்துக்கொள்வது பட்டாளத்து சம்பிரதாயம். இந்தப் பட்டாளம் பிறந்தது 1784-ஆம் ஆண்டில். பிறந்த இடம் பஞ்சாபுமன்று, ராஜபுதனமுமன்று, நமது மதராஸ் ராஜதானி. கும்பினியாரின் மதராஸ் குதிரைப்படைக்கு வித்தாக அமைந்தவை, சேப்பாக்கத்து அரண்மனையில் வீற்றிருந்த ஆற்காட்டு நவாபின் குதிரைப்படைகளே. அப்படித் தோன்றிய படைகளுள் ஒன்று, மதராஸ் மூன்றாவது லைட் காவல்ரி என்றும், பிறகு 28-ஆவது என்றும், 1922 முதல் ஏழாவது என்றும் எண் மாறி மாறி வந்து சேர்ந்தது. 1944-இல் இம்பாலில் ஜப்பானியரை எதிர்த்து நின்றதும் இதே பட்டாளம்தான். 1948 செப்டம்பரில் ஹைதராபாத்துக்குள் சேனையை நடத்திச் சென்ற ஜெனரல் சௌதுரி, இளம் அதிகாரியாக இதில்தான் பயின்றார்.

ஆனால் 1948-இல் அந்தப் பட்டாளத்தின் டாங்கிகளுக்குள் தமிழ் பேசுபவரைத் தேடியிருந்தால் ஏமாற்றமே கிடைத்திருக்கும். இதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் பிரெடரிக் ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேயத் தளபதி. 1881 முதல் 1885 வரை மதராஸ் சேனைக்குத் தலைமை வகித்து, நம் கோட்டையிலிருந்தே நம்மை நோட்டம் பார்த்துவிட்டு, தென்னாட்டான் யுத்தத்துக்கு லாயக்கில்லாதவன், வடமேற்கு எல்லைப்புறத்தில் வசிப்பவர்களே பிறவி வீரர்கள் என்ற முடிவுக்கு வந்தார். பிறகு இந்தியா முழுமைக்கும் சேனாதிபதியானதும் அம்முடிவையே கொள்கையாக்கினார். ஆற்காட்டு முற்றுகை முதல் அஸ்ஸாயே வரை கும்பினியாருக்கு யுத்தம் ஜயித்துக் கொடுத்த மதராஸ் சிப்பாயின் சந்ததிக்கு அவர் எழுதிய நற்சாக்ஷிப் பத்திரம் இது! மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. குதிரைப்படைகளில் எண்ணும் கொடியும் நிற்க, ஆட்கள் மட்டும் வடக்கத்தியாராக மாறினார்கள். மதராஸ் காலாட்படை என்ற ஒன்று மறுபடியும் உயிர்பெற 1942-ஆம் ஆண்டு வரையில், அதாவது ஜப்பானியன் வாசற்படிக்கு வரும் வரையில், காத்திருக்க வேண்டியிருந்தது.

ராபர்ட்ஸின் கத்திக்குத் தப்பிய ஒரே கிளை மதராஸ் சாப்பர் படை. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதியன்று இரண்டே கம்பெனிகளாகத் திரட்டப்பட்ட இப்படையின் தொழில், சேனைக்கு முன்னே சென்று பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, அகழி தோண்டுவது, கோட்டைச் சுவருக்கு வெடி வைப்பது. மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிப்பவர்கள் என்பதனாலே வீரர் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் வீரர்கள் ஓரடி எடுத்துவைக்க முடியாதாகையால் கலைக்கவும் துணிவு வரவில்லை. பெங்களூரைத் தலைமை இடமாகக் கொண்ட இவர்களை இந்தியச் சேனை முழுவதும் ‘தம்பி’ என்று அழைக்கும். காசுமீரத்தில் இருக்கிற சீக்கியரும் கூர்க்கரும் அறிந்த முதல் தமிழ்ச் சொல்லும், பல சமயம் ஒரே தமிழ்ச் சொல்லும் அதுதான். இவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, செங்கல்பட்டு போன்ற ஜில்லாக்களின் வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்கள். மயிலாப்பூரில் ஒரு குடும்பம் பிள்ளையை வக்கீலாக்கவோ ஏ.ஜி. ஆபீசில் நுழைக்கவோ பிரயாசைப்பட்ட அதே காலத்தில், அடையாற்றைக் கடந்து தெற்கே செல்லும் சாலையின் இருமருங்கிலும் இருந்த கிராமங்கள் பிள்ளைகளை இந்தப் படைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அப்படிச் செங்கல்பட்டு ஜில்லா கீழொட்டிவாக்கத்திலிருந்து சென்ற சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலி தேசத்து மின்யானோ என்னும் இடத்தருகே, சகாக்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து உயிர்நீத்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. மயிலாப்பூரில் நூறு பேரை நிறுத்தி அவர் பெயரைச் சொன்னால், எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று நாம் பந்தயம் கட்டத் தயாரில்லை.

மேஜர் தங்கராஜுவின் தலைமையில் இந்தத் தம்பிகள்தாம் பால்தாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை சுருக்கமானது: பால்தாலிலிருந்து கணவாய் வரையில் உள்ள கோவேறு கழுதைப் பாதையில் டாங்கி செல்லவேண்டும், வேலை எதிரிக்குத் தெரியக்கூடாது, பனி மூடுவதற்குள் முடியவேண்டும்.

கோவேறு கழுதைப் பாதைக்கும் டாங்கிப் பாதைக்கும் உள்ள வித்தியாசம் அகலத்தில் மட்டும் இல்லை. கழுதை நான்கு கால்களையும் ஒரு முழ அகலத்துக்குள் ஒடுக்கிக்கொண்டு போய்விடும். கொண்டையூசி வளைவு வந்தால் உடம்பை வளைத்துத் திரும்பும். ஏறக்குறைய 15 டன் எடையுள்ள ஸ்டூவர்ட் டாங்கியோ, வளைவில் ஒரு பக்கத்துச் சங்கிலியை நிறுத்தி மறுபக்கத்துச் சங்கிலியை ஓட்டித்தான் திரும்பும். திரும்பும்போது முழுப் பாரமும் பாதையின் வெளிவிளிம்பில் வந்து விழும். விளிம்பு சரிந்தால் வண்டியும் அதனுள்ளிருக்கும் நால்வரும் பாதாளத்தில். ஆகவே உட்புறத்தில் பாறையைப் பிளந்து இடம் பண்ண வேண்டும், வெளிப்புறத்தில் கீழிருந்து கற்சுவர் எழுப்பித் தாங்கு கொடுக்க வேண்டும். பாறையைப் பிளப்பதென்றால், ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க மற்றொருவன் சம்மட்டியால் அடித்துத் தமர் போட்டு, அதில் மருந்தைக் கெட்டித்துத் திரி வைத்து, வெடித்த கல்லைக் கடப்பாரையால் புரட்டி, புரட்டிய கல்லையே சுவருக்குத் தேர்ந்தெடுத்து அடுக்க வேண்டும். பல்லாவரத்துக் கல்மேட்டில் வெயிலில் செய்தாலே ஆளை முறிக்கிற வேலை. பதினோராயிரம் அடியில், பத்து அடி அடித்தால் நெஞ்சு படபடக்கிற காற்றில், ஐப்பசிக் குளிரில், கம்பளிக் கையுறைக்குள் விரல் மரத்துப்போன நிலையில், பெருமழையும் பனியும் நேற்றுச் செய்ததை இன்று அழித்துவிட, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது எத்தகையது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும். பிறந்தது முதல் பனிக்கட்டியை ஐஸ் வண்டியில் அன்றி வேறெங்கும் கண்டிராத மனிதர்கள் இதைச் செய்தார்கள். பிறவி வீரர் என்றும் பிறவாத வீரர் என்றும் ஜனங்களைப் பிரித்துவைத்த ராபர்ட்ஸ் பிரபு, சமாதியிலிருந்து எழுந்து வந்து பார்த்திருக்க வேண்டிய காட்சி அது.

இதற்கிடையில் டாங்கிகள் ஜம்முவிலிருந்து புறப்பட்டன. அந்தப் பயணமே ஒரு தனிக் காவியம். இங்கே நான்கு வரிகளில் முடித்துக்கொள்வோம். அன்று ஜவாஹர் சுரங்கம் கிடையாது. அது திறக்கப்பட்டது 1956-இல். ஒன்பதாயிரம் அடி உயரத்தில் பழைய பனிஹால் கணவாயைத் தாண்டித்தான் காசுமீரத்துக்குள் இறங்க வேண்டும். வழியிலிருந்த பாலங்கள் லாரிக்கே முனகுபவை. ஆகையால் டாங்கிகளின் தலையை, அதாவது பீரங்கியோடு சுழலும் மேற்கூட்டை, கழற்றித் தனியாக ஏற்றிச் சென்றார்கள். அதனால் பாரமும் குறைந்தது, டாங்கி என்ற அடையாளமும் மறைந்தது. ஸ்ரீநகர் வழியாகச் செல்லும்போது ஊரடங்கு உத்தரவு போட்டு, தெருவில் ஓர் ஈ காக்கை இல்லாமல் செய்துவிட்டு, இரவோடிரவாக ஓட்டிப் போனார்கள். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் கடந்து பால்தாலை அடைந்த பிறகு, கழற்றிய தலைகளை மறுபடி பொருத்தினார்கள். பட்டாளத்தின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங். நண்பர்கள் ‘சிட்டுக்குருவி’ என்று அழைத்ததனால் சரித்திரத்திலும் ‘ஸ்பாரோ’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அக்டோபரில் குறித்த நாள் பனிப்புயலால் தள்ளிப் போயிற்று. மறுபடியும் தள்ளிப் போயிற்று. கடைசியில் நவம்பர் 1-ஆம் தேதி திங்கட்கிழமை நிச்சயமாயிற்று. சர்வதாரி ஆண்டு ஐப்பசி மாதத்து அமாவாசை அது. அன்று பூமியின் இன்னொரு பக்கத்தில், ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில், பூரண சூரிய கிரகணம். சென்னையில் தீபாவளிச் சந்தடி ஓய்ந்தும் ஓயாத நேரம். மாட வீதிகளில் வெடித்த பட்டாசின் காகிதக் குப்பை இன்னும் பெருக்கப்படாமல் கிடந்திருக்கும். ஜோதிடர்கள் பார்த்திருந்தால் புறப்பாட்டுக்கு உகந்த நாள் என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

அன்று பிற்பகலில், நமது பீரங்கிகள் மலைகளின்மேல் குண்டு பொழியத் தொடங்கின. அதன் மறைவில், தம்பிகள் போட்ட பாதையின் வழியே, டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணவாய்க்குள் ஏறின. முன்னணி டாங்கியிலேயே திம்மய்யா ஏறிக்கொண்டார். ஒரு டிவிஷனின் தளபதி செய்யத்தக்க காரியந்தானா இது என்று யுத்த நூல்களைக் கொண்டு வாதிக்கலாம். சரிந்துவிடக்கூடும் என்று ஒவ்வொரு டிரைவரும் அஞ்சிய பாதையில், தளபதியே முதல் வண்டியில் அமர்ந்துவிட்ட பிறகு, பின்னால் வருகிறவன் எதைச் சொல்லித் தயங்குவான்? கணவாயின் குறுகலைக் கடந்து கும்ரிக் கிண்ணத்துக்குள் டாங்கிகள் இறங்கி விரிந்தபோது, பாறைக் குகைகளுக்குள் இருந்தவர்கள் கண்ட காட்சியை அவர்களால் நம்பியிருக்க முடியாது. அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கிகளின் ரவைகள் இரும்புத் தோலில் பட்டுத் தெறித்தன. செப்டம்பரில் மனிதர்களை அரிந்த அதே குகை வாய்களுக்கு நேரே டாங்கிகள் நெருங்கிச் சென்று நின்று, 37 மில்லிமீட்டர் பீரங்கியால் ஒவ்வொன்றாகச் சுட்டன. ஸ்டூவர்ட் பீரங்கி சிறியது. ஐரோப்பிய யுத்தத்தில் ஜெர்மன் டாங்கிகளுக்கு முன் அதை விளையாட்டுச் சாமான் என்று பரிகசித்தார்கள். குகை வாய்க்கு அது போதுமாயிருந்தது. முதல் பாட்டியாலா என்ற சீக்கியப் பட்டாளம், லெப்டினன்ட் கர்னல் சுக்தேவ் சிங்கின் கீழ், பின்னாலேயே ஏறிவந்து உயரங்களைக் கைப்பற்றியது. செப்டம்பர் மாதம் முழுவதும் அசையாத ஜோஜிலா, ஒரே பிற்பகலில் திறந்துவிட்டது.

இத்துடன் கதை முடிந்தது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கணவாயை ஜயிப்பது வேறு, கிராமங்களை அடைவது வேறு. எதிரிகள் மாதாயனுக்குப் பின்வாங்கி, அங்கிருந்து பந்த்ராஸுக்குப் பின்வாங்கி, அவ்விடத்துக் குறுகிய மலையிடுக்கில் மறுபடியும் காலூன்றிக்கொண்டார்கள். பனி இப்பொழுது இடைவிடாது பெய்தது. நம் சிப்பாய்களில் பலருக்கு அந்தக் குளிருக்கேற்ற உடையோ காலணியோ இல்லை. பனிக்கடியால் விரல்கள் கறுத்துப்போனவர்கள் உண்டு. மலையிடுக்கில் டாங்கிக்கு விரிந்து நிற்க இடம் இல்லை. வரிசையாக ஒற்றை வழியில் சென்று மேலிருந்து வரும் குண்டுக்கு இரையாவதைத் தவிர அங்கே அது செய்யத்தக்கது ஒன்றுமில்லை. ஆகவே கும்ரியில் காலாட்படைக்கு டாங்கி வழிகாட்டிய முறை இங்கே தலைகீழாயிற்று. ‘பழுப்புக் குன்று’ என்று நம்மவர் பெயரிட்டழைத்த சிகரத்தைக் காலாட்படை இரவில் பனியில் ஏறிக் கைப்பற்றிய பிறகுதான், டாங்கிகள் கீழே உள்ள பாதையில் உருளத் தொடங்கின. தம்பிகள் மறுபடியும் முன்னே போனார்கள். ஓடைகளுக்குக் குறுக்கே கடப்பு வேண்டும், சேற்றில் கல் பரப்ப வேண்டும், சரிந்த இடத்தில் விளிம்பு கட்ட வேண்டும். யுத்தம் நின்று நின்று நடக்கும். பாதை வேலை நிற்பதில்லை.

நவம்பர் மாதத்தின் நடுவில் திராஸ் மீண்டது. அங்கே பெரிய யுத்தம் ஒன்றும் நடக்கவில்லை. பந்த்ராஸ் இடுக்கு போனபிறகு திராஸைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று எதிரிகள் கண்டுகொண்டார்கள். 1944-இல் பிரான்ஸ் தேசத்துக் கிராமங்களுக்குள் அமெரிக்க டாங்கிகள் நுழைந்தபோது, பெண்கள் பூவை வீசியதையும் மாதாகோயில் மணி அடித்ததையும் நாம் செய்திப்படங்களில் கண்டிருக்கிறோம். ஒரு கிராமம் விடுதலையாவது என்றால் அக்காட்சியே மனத்தில் எழுகிறது. திராஸில் பூவுக்கு வழியில்லை. நவம்பரில் அங்கே பூப்பது பனி ஒன்றே. மோட்டார் வண்டியைக்கூட அதிகம் கண்டிராத அந்த மனிதர்களின் வயல் வரப்புகளுக்கிடையே, உழுத மண்ணைப்போல் பனியைக் கீறிக்கொண்டு, தரையும் சுவரும் அதிரும்படி வந்து நின்ற அந்த இரும்பு யந்திரங்கள் அவர்களுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் குளிர்காலத்தின் வாயிலில் நின்ற ஒரு கிராமத்துக்கு, எந்தக் கொடி ஏறியது என்பதைக் காட்டிலும் ஜோஜிலாவுக்கு அப்பாலிருந்து உப்பும் தேயிலையும் இனி வரும் என்பதே பெரிய செய்தியாயிருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. அந்த உப்பு மூட்டை வரவேண்டிய வழியும் தங்கராஜுவின் ஆட்கள் கல்லடுக்கிய வழிதான்.

இதே நாட்களில் சென்னை எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது என்று பார்ப்பது சுவாரசியமானது. நவம்பர் 4-ஆம் தேதி, டில்லியில் அரசியல் நிர்ணய சபையின் முன் டாக்டர் அம்பேத்கர் அரசியல் சட்டத்தின் நகலைச் சமர்ப்பித்தார். அதைத் தயாரித்த குழுவில் லஸ் சர்ச் ரோட்டு அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரும், காசுமீரத்தில் 1937 முதல் 1943 வரை பிரதம மந்திரியாயிருந்த என். கோபாலஸ்வாமி ஐயங்காரும் அங்கத்தினர்கள். கவர்னர் ஜெனரல் மாளிகையில் தியாகராய நகர் ராஜாஜி. மூளையினால் நடக்கும் காரியங்களில் தென்னாடு அன்று பாரததேசத்தின் தலைமைப் பீடத்தில் வீற்றிருந்தது. அதைப் பற்றிப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் பெருமையோடு பேசிக்கொண்டார்கள். முதுகெலும்பினால் நடந்த காரியத்துக்கும் தென்னாட்டிலிருந்தே ஆள் போயிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இன்றும் ஜோஜிலா என்றால் திம்மய்யாவைச் சொல்லுவோம், ஸ்பாரோவைச் சொல்லுவோம், சொல்ல வேண்டியதுதான். தங்கராஜுவை யாரோ ஒருவர் அடிக்குறிப்பில் சொல்லுவார்.

திராஸுக்குப் பின் மீதமிருந்தது கார்கில். மேற்கேயிருந்து அடலின் பிரிகேடும், கிழக்கே லேயிலிருந்து புறப்பட்ட நம் படையும், நவம்பர் 24-ஆம் தேதியன்று கார்கிலில் சந்தித்தன. எதிரிகள் வடக்கே ஸ்கர்தூ திசையில் விலகினார்கள். மெஹர் சிங்கின் ஒற்றை விமானத்தை நம்பிக் கொண்டிருந்த லேவுக்கு ஆறு மாதங்களுக்குப் பிறகு தரைவழி கிடைத்தது. ராஜிந்தர் சிங்குக்கும் சுக்தேவ் சிங்குக்கும் மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது. ராஜிந்தர் சிங் 1965 யுத்தத்தில் கவச டிவிஷனை நடத்தி இரண்டாம் முறையும் அதே விருதைப் பெற்றார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1999 கோடையில், திராஸின் மேலே உள்ள தோலோலிங்கிலிருந்தும் புலிக்குன்றிலிருந்தும் பார்த்துப் பார்த்துச் சுடுவதற்கு எதிரி தேர்ந்தெடுத்த இலக்கும் இந்த ஊரைக் கடந்து செல்லும் அந்தச் சாலையே.

ஸ்கர்தூ மட்டும் மீளவில்லை. அதை மீட்பதற்குப் படை திரட்டுவதா, உள்ளதைக் காத்துக்கொண்டு லேக் சக்ஸஸில் ஐக்கிய நாடுகள் சபையாரின் தீர்ப்புக்குக் காத்திருப்பதா என்ற வாதம் டிசம்பரில் டில்லியில் எழுந்தது. அந்தச் சபையில் 1948 ஜனவரியிலேயே இந்தியாவின் வழக்கை எடுத்துரைக்கச் சென்ற கோஷ்டியின் தலைவர் கோபாலஸ்வாமி ஐயங்கார். 1949 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தபோது துப்பாக்கிகள் ஓய்ந்ததற்கு முந்தைய அந்த ஒரு மாதத்து நிகழ்ச்சிகளை அடுத்த இதழில் பார்ப்போம்.